முட்டு எடுக்கிற நாள்

அக்டோபர் 4, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் ரோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர். செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஆபீஸ் மாடி ஏறினேன். அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரை வாங்க மறந்தாயிற்று. நாளைக்கு.

மாலை 4.10. கம்ப்யூட்டரில் வரைகிற புரோகிராம் செத்தது. திரையில் ‘ஃபேட்டல் எர்ரர்’ என்று ஒரு வரி. அப்புறம் கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

போனது எது: கிள்ளான் பக்கத்துத் தெலுக் பங்லிமா காராங் தொழிற்சாலைப் படம் (இனிமேல் தெ.ப.கா., எழுதி மாளாது). லோரியில் சரக்கு ஏற்றுகிற இடத்துக்கு மேலே ஒரு கான்கிரீட் கூரை. தூண் கிடையாது, லோரி பின்னால் வர இடைஞ்சலாம். ஒரு பக்கம் சுவரில் பிடிமானம், மறுபக்கம் மூன்று மீட்டர் அந்தரத்தில். காலையிலிருந்து அதே வேலை. முதலாளி சொக்கலிங்கம் சார், இன்ஜினியர், பென்சிலில் போட்டுக் கொடுத்த ஸ்கெட்சைப் பார்த்துத்தான் வரைந்தேன். மத்தியானம் அவர் பினாங்கு கிளம்பும்போது மற்றக் காகிதங்களோடு அந்த ஸ்கெட்சையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குமேல் நான் செய்த முட்டாள்தனம். படத்தைத் திரும்பத் திறந்தேன், பாதிதான் வந்தது. பழக்கதோஷம், சேவ் அடித்தேன். ஒருமுறை அடித்தால் பரவாயில்லை, பழைய நல்ல படம் பேக்கப்பாக ஒதுங்கி நிற்கும். நான் இரண்டு முறை அடித்தேன். பேக்கப்பும் பாதிப் படம் ஆனது. பன்னிரண்டு வருஷம் இந்த வேலை, அதில் நாலு வருஷம் கம்ப்யூட்டரில். புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் பாடமே, குழம்பினால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார் என்பதுதான். ஊருக்குத்தான் உபதேசம்.

புரோகிராம் அவ்வப்போது தானாக ஒரு நகல் எடுத்து வைக்கும். இந்த வேலையின் டைரக்டரியில் தேடினேன். இல்லை. காலை பத்து மணிக்கு டிஸ்கெட்டில் போட்டு வைத்தது மட்டும் இருந்தது. அதில் சுற்றுக்கோடு உண்டு, கான்கிரீட்டுக்குள் வருகிற கம்பி எதுவும் கிடையாது.

5.30-க்குத் தம்பி டேனியல் வந்துவிட்டான். அவன்தான் தெ.ப.கா.வில் சைட் சூப்பர்வைசர். கான்ட்ராக்டர் பிரிண்டைக் கையோடு வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். ரெயின்கோட்டோடு வாசலில் நின்று சொட்டச் சொட்ட வடை தின்றான்.

“என்னக்கா, முகம் காஞ்ச ரொட்டி மாதிரி இருக்கு?”

“படம் போச்சுடா.”

“படம்தான லா போச்சு, கையா போச்சு? வரைஞ்சிடு. நான் இருக்கேன்.”

வரைந்தேன், நினைவிலிருந்து. குறுக்குவெட்டுக்கு நேரமில்லை. போன மாதம் பந்திங் ஊர் வேலையில் ஒரு தளத்துக்குப் போட்டதைத் தூக்கிவந்து ஒட்டினேன். நீளம் மாற்றினேன். கனம் மாற்றினேன். கம்பி சைஸ், இடைவெளி மாற்றினேன். அடுத்தது மாற்றப்போகும்போது போன். பினாங்கிலிருந்து சார். “போயிடுச்சா ரூத்?” இதோ பிளாட்டரில் ஓடுகிறது சார் என்றேன். பொய். போனை வைத்துவிட்டு அதை உண்மையாக்கினேன். படத்தைத் தாளில் வரைகிற அந்த பிளாட்டர் மெஷினில் பேனா ஒன்று காய்ந்துபோய்த் தகராறு, துடைத்துத் துடைத்து ஓட்டினேன்.

தாள் மூன்றாவது டிராயரிலிருந்து. சார் வெளியூர் போகும்போது பத்து வெற்று டிரேசிங் தாளில் கீழே கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவார், வேலை நிற்கக்கூடாது என்று. மற்ற ஆபீஸில் எப்படியோ, இங்கே முதலில் கையெழுத்து, அப்புறம்தான் படம்.

7.15-க்கு முடிந்தது. பிரிண்டைச் சுருட்டிக் குழாயில் போட்டு டேனியல் முதுகில் கட்டிவிட்டேன். “கிள்ளான் போய்ச் சேர்ற வரைக்கும் இறக்காத, நனையும்” என்றேன். இறக்கமாட்டான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னதை அப்படியே செய்கிறவன். அனுப்பும் முன்னால் மஞ்சள் பேனாவால் ஒவ்வொரு எண்ணாக அடித்துச் சரிபார்ப்பது என் வழக்கம். இன்று இல்லை. நாளைக்கு.

அக்டோபர் 5, புதன்

வெயில். மாத்திரை வாங்கியாயிற்று. குடையை பஸ்ஸில் விட்டேன்.

மஞ்சள் பேனாவோடு உட்கார்ந்தேன். மேல்பார்வைப் படம் முழுக்க அடித்தேன், ஒரு பிழை இல்லை. குறுக்குவெட்டை எடுக்கும்போது சார் பினாங்கிலிருந்து நேராக உள்ளே வந்தார்.

“தெ.ப.கா. போயிடுச்சுல்ல? அப்ப அத மூடி வை. கிள்ளான் கடை வரிசைப் படம் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

மூடி வைத்தேன். புரோகிராம் படுத்ததை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு முறை சேவ் அடித்ததையும் சொல்ல வேண்டும். நாலு வருஷமாக என்னைத்தான் ஆபீஸில் கெட்டிக்காரி என்கிறார். இருந்துவிட்டுப் போகட்டும்.

அக்டோபர் 16, ஞாயிறு

சர்ச். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி இப்போதே ஆரம்பம். எனக்குத் தொண்டை கட்டு, வாயை மட்டும் அசைத்தேன்.

டேனியல் சாப்பிட வந்தான். கோழிப் பிரட்டல், ரசம், அப்பாவுக்கு உப்பில்லாத எதுவோ. கூரைக்கு வெள்ளிக்கிழமையே கான்கிரீட் போட்டாயிற்றாம்.

“எல்லாம் ஸ்மூத்தா போச்சுக்கா. ஒரே ஒரு சண்டைதான், பாக் தர்மோ கூட.”

பாக் தர்மோ கம்பி கட்டுகிற இந்தோனேசியக் குழுவின் தலைவர். டேனியல் வாய்க்கு வாய் அவரைப் பற்றிப் பேசுவான், நல்ல வேலைக்காரர் என்று.

“அவர்கூடயா? என்ன சண்டை?”

“அது பெரிய கதை. ஜெயிச்சது நான்தான், அத மட்டும் தெரிஞ்சிக்க.”

அப்பா இன்னும் கொஞ்சம் ரசம் என்றார். பேச்சு மாறிவிட்டது.

ஒரு போட்டோ கொடுத்தான். கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் கூரைமேல் கான்ட்ராக்டர் எடுத்ததாம். மஞ்சள் ஹெல்மெட், இடுப்பில் கை, முதலமைச்சர் மாதிரி நிற்கிறான். எடுத்தவருக்குக் கை நடுக்கம் போலிருக்கிறது, முழங்காலோடு வெட்டிவிட்டார். பின்னால் ஓரமாக பாக் தர்மோ குந்தி உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு சிகரெட் பிடிக்கிறார்.

“கீழ இப்ப பாக்கணும் நீ. காடு மாதிரி முட்டு நிக்குது” என்றான். ஈரக் கான்கிரீட்டைத் தாங்குவதற்குக் கொடுக்கிற இரும்புக் கம்பங்களைச் சொல்கிறான். “அத எடுத்துட்டா லோரி டிரைவருங்க எல்லாம் அங்கதான் சாப்பிட உக்காருவாங்க. நானும்தான். மொத்த சைட்லயும் வேற நிழலே கெடையாது.”

எப்போது எடுப்பார்கள் என்று அப்பா கேட்டார். முறைப்படி இருபத்தெட்டு நாள். ஆனால் தொழிற்சாலைக்காரர் தீபாவளிக்கு முன்னால் இடம் வேண்டும் என்று நெருக்குகிறாராம்.

போட்டோவை ஆபீஸ் திரையின் ஓரத்தில் ஒட்டப்போகிறேன்.

அக்டோபர் 31, திங்கள்

காலையில் புழுக்கம், மத்தியானம் இடி, மழை இல்லை. தீபாவளிக் கடைகள் ரோட்டை அடைத்துக்கொண்டிருக்கின்றன. முறுக்கு வாசனை மாடிவரை.

ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது, சேவ் பண்ண மறுக்கிறது. வேண்டாத ஃபைல்களைத் துடைக்க உட்கார்ந்தேன். பிளாட்டர் டைரக்டரியில் ஒரு ஃபைல், தேதி 4-10, நேரம் 3.52. புரியச் சிறிது நேரம் ஆயிற்று. அன்று காலை நான் புரோகிராமை அங்கிருந்து திறந்திருக்கிறேன். திறந்த இடத்தில்தான் அது தன் நகலைப் போட்டுவைத்திருக்கிறது. நான் வேறிடத்தில் தேடினேன்.

சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷம், தொலைந்த கம்மல் கிடைத்ததுபோல. பேர் மாற்றித் திறந்தேன். அன்று போன படம் முழுசாக வந்தது. எவ்வளவு அழகாக வரைந்திருக்கிறேன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகு, சும்மா, நினைவிலிருந்து வரைந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். எவ்வளவு நினைவிருந்தது என்று பார்க்கத்தான்.

நீளம் சரி. கனம் சரி. கம்பி சைஸ் சரி. இடைவெளி சரி.

கம்பி இருக்கும் இடம் சரியில்லை.

எனக்கே சொல்லிக்கொள்கிறேன், பதற்றம் அடங்கட்டும். பந்திங்கில் இருந்தது இரண்டு பக்கமும் சுவர் தாங்குகிற தளம். அது நடுவில் தொய்யப் பார்க்கும், அதனால் பெரிய கம்பி அடியில். தெ.ப.கா. கூரை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருப்பது. அது சுவரோரத்தில், மேல்பக்கம்தான் பிளக்கப் பார்க்கும். பெரிய கம்பி மேலே இருக்க வேண்டும். அடியில் இருந்தால் இருந்தும் இல்லாத மாதிரிதான். இது எனக்குத் தெரியாததா? அன்று கடைசியாக மாற்றவேண்டியது அதுதான். அப்போதுதான் போன் அடித்தது. மறுநாள் மஞ்சள் பேனா நின்ற இடமும் அதுவே.

முட்டு நிற்கிறவரை கூரைக்கு ஒன்றும் ஆகாது. எடுத்தால்தான்.

ஓரத்தில் ஒட்டியிருந்த போட்டோவைப் பார்த்தேன். டேனியல் உயரக் கட்டிய கம்பிமேல் நிற்கிறானா, கம்பி அவன் காலடியில் பலகையோடு கிடக்கிறதா? முழங்காலோடு வெட்டியிருக்கிறது.

சாரிடம் போனேன். முழுக்கச் சொன்னேன், இரண்டு சேவ் உள்பட. கதவைச் சாத்தினார்.

“ரூத், உக்காரு. உலகத்துல எந்தக் கம்பி கட்டுறவனும் இந்த மாதிரிக் கூரைக்கு அடியில போடமாட்டான். படத்துல என்ன இருந்தாலும் அவன் கை தானா மேலதான் போகும். புரியுதா?”

“டேனியலைக் கேட்டுடறேன் சார்.”

“வேணாம். சின்னப் பையன், பயந்து நாலு பேர்கிட்ட சொல்லுவான். நானே கான்ட்ராக்டர்கிட்ட பக்குவமா கேட்டுக்கிறேன். அந்தப் பழைய ஃபைல டெலீட் பண்ணிடு.”

சரி சார் என்றேன். டிஸ்கெட்டில் ஒரு நகல் எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் டெலீட். என் பயத்தைவிட அவர் குரலின் நிதானம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் சொல்வது நியாயம். பாக் தர்மோ நல்ல வேலைக்காரர். மேலேதான் கட்டியிருப்பார்.

டேனியலின் பேஜர் நம்பரை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். அடிக்கவில்லை. அப்பா ஏன் சாப்பிடவில்லை என்றார். வயிறு சரியில்லை என்றேன்.

நவம்பர் 1, செவ்வாய். ஆபீஸ், காலை 10

மேகமூட்டம். சாருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தேன். 9.40-க்கு வந்தார். முகம் தெளிவாக இருந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

“கான்ட்ராக்டர்கிட்ட பேசிட்டேன். ஒரு பிரச்சினையும் இல்ல. எல்லாம் அப்படியே டிராயிங் படிதான் கட்டியிருக்காங்களாம்.”

நான் அவரையே பார்த்தேன். சொன்னதைச் சொல்லிவிட்டு டீ கிளாஸை எடுத்தார். குடிக்காமல் கீழே வைத்தார்.

“சார், டிராயிங்தான் தப்பு.”

சார் கான்ட்ராக்டரின் ஹேண்ட்போனுக்கு அடித்தார், எங்கேஜ். திரும்ப அடித்தார், எங்கேஜ். நான் டேனியலின் பேஜருக்கு அடித்தேன். ‘அர்ஜென்ட், அக்கா.’ தபால்காரர் வந்தார். கீழே இருக்கிற கடைக்காரர் காலண்டர் கொண்டுவந்து கொடுத்தார். தபாலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

நவம்பர் 1. டாக்ஸியில்

சைட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். ஃபெடரல் ஹைவே, தீபாவளி நெரிசல், நகரவில்லை. சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும், அதனால் எழுதுகிறேன்.

10.20-க்கு டேனியல் கூப்பிட்டான், சைட் கேபினிலிருந்து. கான்ட்ராக்டரின் ஹேண்ட்போனை வாங்கிப் பேசினான். பின்னால் இரும்பை இரும்பால் அடிக்கிற சத்தம்.

“என்னக்கா அர்ஜென்ட்? அப்பாவுக்கு ஒண்ணும் இல்லியே?”

“அப்பா நல்லாருக்காரு. அங்க என்ன சத்தம்?”

“முட்டு எடுக்குறாங்க. தொழிற்சாலைக்காரன் விடமாட்டேன்னுட்டான். நுனியிலேருந்து ஆரம்பிச்சு உள்ள வர்றாங்க. இன்னும் ரெண்டு வரிசைதான் பாக்கி.”

“டானி, கம்பி மேல இருக்கா, அடியிலயா?”

“அடியிலதான். உன் படத்துல அப்படித்தான இருக்கு?” சிரித்தான். “அதுக்குத்தான்க்கா அன்னைக்குச் சண்டை. பாக் தர்மோ பாட்டுக்கு மேல கட்டி முடிச்சிட்டாரு. நான் படத்தக் காட்டினேன். இருபது வருசமா கட்டுறேன், இது மேலதான் வரும்னாரு. நான் சொன்னேன், பாக், இது எங்க அக்கா வரைஞ்சது, எங்க அக்கா தப்பா வரையமாட்டா, மொத்தத்தையும் பிரிச்சு அடியில கட்டுன்னு. ரெண்டு நாளு ஆச்சு. மனுஷன் இன்னிக்கு வரைக்கும் என்கூடப் பேசுறதில்ல.”

சார் எதிரே நின்றுகொண்டிருந்தார்.

“டானி, நான் தப்பா வரைஞ்சிட்டேன். பாக் கட்டினதுதான் சரி. முட்டு எடுக்கிறத உடனே நிறுத்து.”

“நெசமாவாக்கா?”

“நிறுத்துடா.”

“சரிக்கா. இரு, இரு. நானே போய் நிறுத்துறேன்.”

போனை மேஜையில் வைத்துவிட்டு ஓடினான். லைன் திறந்தே இருந்தது. அவன் கத்துவது கேட்டது, பெர்ஹெந்தி, பெர்ஹெந்தி என்று மலாயில், நிறுத்து நிறுத்து என்று, தூரப் போகப் போகச் சின்னதாக. சுத்தியல் சத்தம் தொடர்ந்தது. பிறகு நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அப்புறம் லைன் போய்விட்டது.

நாலு முறை அடித்தேன். சார் அவர் ரூமிலிருந்து அடித்தார். எடுக்கவில்லை. அந்த ஹேண்ட்போனில் பேட்டரி நிற்காது என்று டேனியலே சொல்லியிருக்கிறான். பேட்டரியாகத்தான் இருக்கும். சார் இன்னும் அடித்துக்கொண்டிருப்பார். நான் படியிறங்கி ஓடிவந்து டாக்ஸி பிடித்தேன்.

டாக்ஸி டிரைவர் ஒரு தமிழ் அங்கிள். “என்னம்மா, கிள்ளானுக்குத் தீபாவளி ஷாப்பிங்கா? இந்த ஜாம்ல ஒரு மணி நேரம் ஆவும்” என்றார். தெலுக் பங்லிமா காராங் வரைக்கும் போகணும் அங்கிள், சீக்கிரம் என்றேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு ரேடியோவை அணைத்தார்.

போட்டோ இந்த டைரிக்குள் இருக்கிறது. கிளம்பும்போது பிய்த்து எடுத்துவந்தேன், எதற்கென்று தெரியவில்லை. பாக் தர்மோ முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

முட்டு தட்டுகிறவர்கள் கூரைக்கு அடியில்தான் நிற்பார்கள். கடைசி இரண்டு வரிசை என்றால் சுவரோரம், ரொம்ப உள்ளே. அவர்களிடம் சொல்ல வேண்டுமானால் அங்கேயேதான் போக வேண்டும். நான் நிறுத்து என்றேன். அடியில் போகாதே என்று சொல்லவில்லை. வெளியே நின்று கத்து என்று சொல்லவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்கிறவன் அவன்.

பாதி வழியில் இருக்கிற ஷா ஆலமே இன்னும் வரவில்லை.